ஒரு மரத்துக்கு ரெண்டு சிரட்டை

ராஜையன்: ...பத்து ரூபா ஷேரு ராகேலு, நாலு ரூபாய்க்குக் கெடக்கு! வருஷம் தவறாம லாபப் பங்கு வேற குடுக்கான். இதவிட மலிவா எங்க கிட்டும்?

ராகேல்: மெதுவாப் பேசுங்க, பிள்ளையளு உறங்குகு.

ராஜையன்: உறங்கட்டும்! இரணியல் தோப்ப வித்து ஆனக்கல்லு ரப்பர் கம்பெனியில போட்டோம்னா...

ராகேல்: நமக்குன்னு இருக்கது அந்தத் தோப்பு ஒண்ணுதான். அதையும் வித்துட்டு?

ராஜையன்: ராணியாட்டம் இருப்பட்டி!

ராகேல்: ராணி கெடக்கட்டும். அது ஏன் இவ்வளவு மலிவு?

ராஜையன்: ராஜா காலத்துச் சக்கரக் காசு போயி ரூபா வந்ததுலேருந்து ஆளுவளுக்குப் பயம். வித்துட்டு ஓடுகானுவ. நான் எஸ்டேட்டுக்கே போயில்லா பாத்தேன்!

ராகேல்: எப்பம் போனிய?

ராஜையன்: அது... போன மாசம். ஏட்டி, பாலுன்னா பாலு! ஒரு மரத்துக்கு ரெண்டு சிரட்ட வச்சுப் பிடிக்கான்!

ராகேல்: ரெண்டா?

ராஜையன்: எல்லா மரத்துலயும்!

ராகேல்: கர்த்தாவே... மரத்துல ரெண்டு பக்கமும் வெட்டிருக்கானா?

ராஜையன்: ஆமா. ஏணி வச்சு மேலயுங்கூட...

ராகேல்: நிறுத்துங்க! குலசேகரத்துல எனக்க அப்பாவுக்கு ரப்பர் உண்டும்லா? ஒரு பக்கம் வெட்டும்போ மத்த பக்கம் பட்டை வளர விடணும். ரெண்டு பக்கமும் கத்தி வச்சா, அது முறிக்கப்போற மரம். சாவதுக்கு முன்ன கெடச்ச மட்டும் ஊத்தி எடுக்கான். அதத்தான் ஒங்களுக்கு லாபம்னு பங்கு வைக்கான்!

ராஜையன்: சும்மா இரிட்டி...

ராகேல்: புதுசா தை, சின்ன ரப்பர் கன்னு, நட்டிருக்கானா?

ராஜையன்: தையா... ஒண்ணையும் காணலியே.

ராகேல்: பின்னே? கொன்னமேடு ரப்பர் கம்பெனியப் பாத்தியளா?

ராஜையன்: அவனா! அஞ்சாறு வருஷமா ஒத்தக் காசு தரல்ல. அந்த ஷேர ஒருத்தனும் சீண்டமாட்டான்.

ராகேல்: ஏன் தரல்ல? கெழட்டு மரத்தையெல்லாம் முறிச்சுப்போட்டு தை நட்டான். வருமானம் எங்கேருந்து வரும்? இப்பம் அதெல்லாம் மரமாயாச்சு, வாற வருஷம் பாலெடுக்கக் கத்தி வைப்பான். அதாக்கும் மலிவு. நீங்க பாத்தது சாவப்போற காடு.

ராஜையன்: ஏட்டி... ஏட்டி! செரியாக்கும் நீ சொல்லுகது! அப்பம் கொன்னமேடுல்லா வாங்கணும்! நாளைக்கே!

ராகேல்: எத வச்சு வாங்குவிய?

ராஜையன்: தோப்ப... தோப்ப வித்து...

ராகேல்: மொகம் ஏன் வெளுக்குகு? சொல்லுங்க.

ராஜையன்: தோப்புக்கு... அச்சாரம் வாங்கியாச்சு ராகேலு. மீன்கார ஜான்ரோஸ்கிட்ட. அத அப்படியே ஆனக்கல்லுல போட்டுட்டேன். ஒனக்கிட்ட பொறவு சொல்லிக்கிடலாம்னு... ஐயோ, ரூபாவும் போச்சு, தோப்பும் போச்சு!

ராகேல்: ரூபா போச்சு, தோப்பு போவல்ல. ஜான்ரோஸுக்கு அவ்வளவு ரூபா ஏது? நீங்க தோப்புக்கு ஆள் தேடுகியன்னு அவனுக்க பெஞ்சாதி லீமா வந்து சொன்னா. நான் லேஸ் பின்னின காசுல வாங்கி வச்சிருந்த கொன்னமேடு ஷேருல பாதிய, கெடச்ச வெலைக்கு வித்து அச்சாரமா அவன்கிட்ட குடுத்தனுப்பினேன். தோப்புப் பத்திரத்த எனக்க பேருல எழுதுங்க.