தொடாமல் மேலே போனவள்

சாலைக் கடைத்தெருவில் ஏறிய அப்பாவும் மகளும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள்.

“இன்னிக்கு இறங்கப் போயி, தரையத் தொடாமலே மேல போயிட்டேன்ப்பா.”

விமானம் ஓட்டப் படிக்கிற பெண். நான் கையிலிருந்த கனத்த புத்தகத்தில் ஒரே வரியை மிகுந்த கவனத்தோடு பலமுறை படித்தேன்.

“இறங்கத் தெரியலியா மோளே? இதுல நாளைக்குத் தனியா வேற ஓட்டணுமாக்கும்! நான் சம்மதிக்க மாட்டேன்.”

“தெரியும்ப்பா. காத்து பக்கவாட்டுல தள்ளிச்சு. எப்படியாச்சும் இறங்கிரணும்னு பிடிவாதம் பிடிச்சுத்தான் நெறைய பேரு பயிற்சி விமானத்த ஒடைக்காங்க. நான் விட்டுட்டு, இன்னொரு சுத்து வந்து நல்லா இறங்கினேன். அதப் பாத்துத்தான் சார் தனியா விடறாரு.”

“நீ பிடிவாதத்த விட்டியா? உங்கம்மா நம்ப மாட்டா.”

அடுத்த நிறுத்தம் வந்ததும் அப்பா மகள் பக்கம் திரும்பினார்.

“நாளைக்குக் கடைய அடச்சிட்டு வாரேன். எத்தன சுத்து வேணும்னாலும் சுத்து, கேட்டியா? நான் கீழ நிப்பேன்.”