சம்பந்தி வூட்டுக் கூழு

கிருமியாம்மா, கிருமி! எம்பொண்ணு வயித்துல கிருமி கம்மியாப் போச்சாம், அத வளக்கணுமாம்! எதிர்ல ஆஸ்பத்திரியில பூஜா டாக்டரம்மா சொல்லுது. நம்ம ஊருல இன்னாத்த வேணா வளப்பாங்க. ஆடு வளப்பாங்க, மாடு வளப்பாங்க, தேனீ கூட வளக்குறாங்க. கிருமிய யாராச்சும் வளப்பாங்களா?

உக்காரும்மா, ஏன் நிக்கிற? பெஞ்சு ஈரமில்ல, இப்பதான் தொடச்சேன். திருப்பத்தூர் பஸ்ஸுதான? வரும் வரும். அது மேல இருந்து திரும்பி வர்றதுக்கே அரமணி நேரம் ஆவும். டீ போடவா? சக்கர... கம்மியா? சரி. இப்ப எல்லாருக்கும் எல்லாமே கம்மிதான். எம்பொண்ணுக்கு ரத்தம் கம்மி.

அபிநயா அவ பேரு. எட்டாவது மாசம். மொதப் புள்ள. உள்ளதான் கீறா. நானும் கூடத்தான் போனேன். டாக்டரம்மா அவளக் கேள்வி கேக்குது, நா பதில் சொன்னேன். பெத்தவ சொல்லாம வேற யாரு சொல்லுவா? "அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க, அபிநயா பேசட்டும்"ன்னு சொல்ட்டு கதவத் தொறந்து வுட்டுச்சு. அபி பேசுவாளா? அவ வாயத் தொறந்தா மூணு வார்த்த. மீதிய நாந்தான சேத்துக்கணும்!

இன்னைக்கி ரத்தம் எட்டு புள்ளி மூணுன்னு வந்துச்சு. பதினொண்ணு இருக்கணுமாம். பதினஞ்சு நாளு டயம் குடுத்துருக்குது. கொஞ்சமாச்சும், ரவயாச்சும் ஏறலன்னா மலையில வெச்சிக்க மாட்டோம், கீழ பெரிய ஆஸ்பத்திரியிலதான் பிரசவம்ன்னு சொல்ட்டாங்க. பொறக்குறப்ப ரத்தம் போனா தாங்குற அளவு ஒடம்புல இல்லன்னு... அந்தப் பேச்ச வுடு. காலங்காத்தால அத வாயால சொல்லக்கூடாது.

இஞ்சி போடவா? போடுறேன், நல்லாருக்கும்.

நா இன்னா கொறவா பாத்தேன், சொல்லு? வளகாப்பு முடிஞ்ச மறுநாளே ஜீப்பு வெச்சு இட்டாந்துட்டேன். மொதப் பிரசவம் அம்மா வூட்டுலதான? அவ மாமியா வூடு அத்திமரத்து ஸ்டாப்பிங்கில. நீ போற வழிதான், ஆறாவது வளைவு. ஜெயம்மாள்ன்னு பேரு. நல்ல பொம்பளதான், நா கொற சொல்ல மாட்டேன். ஆனா கஞ்சத்தனம்! மாசமா கீற பொண்ணுக்குக் காலையில கேவுரு கூழு. மத்தியானம் சாமச் சோறு, கீர. சாயங்காலம் இன்னா ஸ்பெஷலு? காலையில மீந்த கூழு! அதுல மோரு ஊத்தி, ரெண்டு வெங்காயத்தக் கடிச்சிக்கினு. டீக்கட ராஜேஸ்வரி பொண்ணு, ஒரு நாளைக்கு நாலு டீ குடிச்சு வளந்தவ, அங்க டீத்தூளே இல்லாத வூட்டுல கூழு குடிச்சிக்கினு கீறா!

எனக்கு வயிறு எரிஞ்சுபோச்சு. வளகாப்பு அன்னைக்கி சபையிலயே கேட்டுட்டேன். "இன்னா சம்பந்தி, கூழு ஊத்தியே எம்பொண்ண எலும்பாக்கிட்டீங்களே"ன்னு. அது பாட்டுக்குப் பந்தி எலைய எடுக்கப் போயிடுச்சு. எப்பவுமே பேசாது, அதான் அதுகிட்ட எனக்குப் புடிக்காது. ஜீப்புல ஏறும்போது ஒரு தூக்குவாளியில புளிச்ச கேவுரு மாவக் கொண்ணாந்து குடுக்குது. "அபிக்கு இது ஒத்துக்குது, டெய்லி இதுல ரவயூண்டு எடுத்துப் புதுசுல கலந்துக்கோங்க"ன்னு. தங்கக் காசக் குடுக்குற மாதிரி ரெண்டு கையால குடுக்குது! எனக்கு வந்த கோவத்துக்கு... வாங்கியாந்து மாட்டுத் தொட்டியில ஊத்திட்டேன்.

இன்னாம்மா அப்பிடிப் பாக்குற? மாடு நல்லாத்தான் கீது. அதுக்கு ரத்தம் பாத்தா பதிமூணு இருக்கும்.

இந்தா டீ. பாத்து, சூடு. எப்பிடி? நல்லாருக்குதில்ல? எங்கட டீ குடிச்சா திருப்பத்தூரு வரைக்கும் நாக்குலயே நிக்கும். அந்த டீயத்தாம்மா அந்த டாக்டரம்மா குத்தம் சொல்லுது!

செவப்பு மாத்திர குடுத்தாங்க, ரத்தம் ஊறுறதுக்கு. இவ முழுங்க மாட்டேங்கிறா. கொமட்டுது, வயித்த வலிக்குதுன்னு ஒரே அழுவ. சின்னப் பொண்ணுல்ல? நா பக்கத்துலயே நின்னு, சூடா ஸ்ட்ராங்கா ஒரு டீ போட்டு, அதோட முழுங்க வெப்பேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு வுட்டதில்ல! நாக்கத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பாப்பேன். சுண்ணாம்புச் சத்து மாத்திர வேற ஒண்ணு கீது, வெள்ளையா, பெருசா. அத ராத்திரிக்கின்னாங்க. ராத்திரி மறந்துட்டான்னா? அதையும் சேத்து அதே டீயில முழுங்க வெச்சிட்டேன். ஒரே தொல்லையாப் போவுது பாரு.

டாக்டரம்மா இத்தக் கேட்டுட்டுத் தலையில கை வெச்சிக்கிச்சு. டீயோட போனா ரத்த மாத்திர ஒடம்புல ஒட்டாதாம். சுண்ணாம்பு மாத்திரயும் அத ஒட்ட வுடாதாம். நெல்லிக்கா, எலுமிச்சம்பழத் தண்ணி, இப்பிடி எதுனா புளிப்போட முழுங்கணுமாம். டீய ரெண்டு மணி நேரம் தள்ளி வெச்சிக்கணுமாம். நா கேட்டேன், "அப்ப ரெண்டு மாசமா அவ முழுங்குனதெல்லாம் எங்க போச்சு?" அது சொல்லுது, "அப்பிடியே கொடலுக்கு எறங்கிப்போச்சும்மா. அங்க கீற கெட்ட கிருமிதான் அதத் துன்னு கொழுத்துப்போய்க் கீது, நல்ல கிருமி ஒடுங்கிப்போய்க் கீது"ன்னு. ரெண்டு மாசமா நின்னு நின்னு நா யாருக்கு ஊட்டிக்கினு இருந்தேன், பாத்தியா?

சரி, அதோட முடிஞ்சுதான்னு கேளு. நடுவுல இவளுக்கு ரெண்டு தபா வயித்தால போயி வயிறு கழண்டுக்கிச்சு. கீழ மருந்துக்கடையில போன வருஷம் எனக்கு வாங்குன கேப்சூலு மீதி இருந்துச்சு, செவப்பும் மஞ்சளுமா. எனக்கு ஒரே நாளுல நின்னுச்சே, இவளுக்கு நிக்காதான்னு... குடுத்தேன். மறு தபாவும் குடுத்தேன். நின்னுச்சு! நின்னுச்சா இல்லியா? அதச் சொன்னதும் அந்த டாக்டருப் பொண்ணு, எம்பொண்ண வுட ரெண்டு வயசு பெருசா இருக்கும், எழுந்தே நின்னுட்டுது. "மாசமா கீறவங்களுக்கு யாரக் கேட்டும்மா குடுத்தீங்க? நல்ல கிருமியையும் சேத்து அடிச்சு வுட்டுட்டீங்களே"ன்னு கத்துது. வாசல்ல ஊசிக்கி நின்ன பத்துப் பேரும் பாக்குறாங்க. அத்தினி பேரும் எங்கடையில டீ குடிக்கிறவங்க!

அப்பறந்தான் கிருமி வளக்குற பேச்சு. நல்ல கிருமிக்கு இன்னா துன்னக் குடுக்கணும்ன்னு கேட்டேன். எதுனா டப்பா எழுதிக் குடுக்கும், கீழ போய் வாங்கியாரலாம்ன்னு பாத்தா... அது அபியக் கேக்குது, "மொதல்ல நல்லாத்தான இருந்த, அப்ப இன்னா சாப்ட்ட?"

ஆஸ்பத்திரி நோட்டு ஒண்ணு கீதும்மா, மாசாமாசம் எழுதுறது. அதுல எழுதியிருக்குது. மாமியா வூட்டுல இருக்கசொல்ல பத்து புள்ளி நாலு. இங்க வந்து மொத மாசம் ஒம்பது புள்ளி ஒண்ணு. இன்னைக்கி எட்டு புள்ளி மூணு. கடைசி மாசங்கள்ல எல்லாருக்குமே ரவ எறங்குமாம், ஆனா இவ்ளோ எறங்காதாம். நா அந்த நோட்ட ஒரு நாளுகூடப் பிரிச்சுப் பாக்கல. பாத்தா மட்டும்... என்னியப் பத்தின நோட்டுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்குமா?

அபி சொன்னா. மூணே வார்த்த. "அத்த வூட்டுக் கூழு."

டாக்டரம்மா மூஞ்சியில ஒரு சிரிப்பு பாரு! "அதான்! புளிச்ச கூழு, மோரு, கீர. மாத்திரயோட இதையும் திரும்ப ஆரம்பிங்க"ன்னுச்சு. அப்பதான் நா, "கூழெல்லாம் ஏழை பாழைங்க குடிக்கிறது டாக்டரம்மா"ன்னேன். அப்பதான் கதவத் தொறந்து வுட்டுச்சு.

நானே கரைச்சிக்கலாம்ன்னு சொல்ற... கரைக்கலாம். நேத்து ராத்திரி அவ கூழு வேணும்ன்னு அழுதான்னு கரைச்சேனே! ஒரு வாய் வெச்சிட்டு, "அத்த கூழு மாரி இல்லம்மா"ன்னு கிண்ணத்தத் தள்ளிட்டா. அவங்க மாவு, பானையில வருஷக்கணக்கா பழசுல ரவயூண்டு எடுத்துப் புதுசுல கலந்து வர்றது. நாந்தான் மாட்டுக்கு...

அதோ வர்றா பாரு, ரோட்டத் தாண்டி. பையப் புடிச்சிக்கினு, மெதுவா. ஏ அபி, லாரி வருது, நில்லு! மூஞ்சியப் பாத்தியா, எவ்ளோ வெளுத்துப் போய்க் கீது. உள்ள டாக்டரு ரூம்புல தெரியல எனக்கு. வெயில்ல பாத்தாத் தெரியுது.

வா, உக்காரு. இந்தா, சூடா...

அய்ய. கையி தன்னால டீய ஊத்திடுச்சு பாரும்மா. பாத்தியா, அவகூட கையி நீட்டுறா. ரெண்டு பேருக்கும் பழகிப்போச்சு. குடுடி அத. இந்தாம்மா, இதையும் நீயே குடி, உனக்கு ஒண்ணும் ஆவாது. அபி, நீ தண்ணி குடி. அந்த பாட்டில்ல கீற நெல்லிக்கா ரெண்ட எடுத்துக் கடி.

பஸ்ஸு வந்துடுச்சு. இரும்மா, ஒரே நிமிஷம், டிரைவரு ஆனந்தன் நம்மாளுதான், நிப்பாரு. ஆனந்தா, இரு!

நீ அத்திமரத்து ஸ்டாப்பிங்கில எட்டிப் பாரு, பச்சக் கதவு, ரோட்டு மேலயே வூடு. ஜெயம்மாள்ன்னு கூப்புட்டா வந்துடும். இந்தத் தூக்க அதுகிட்ட குடு. அவங்க தூக்குதான், வெளக்கி வெச்சிருக்கிறேன். ரவயூண்டு புளிச்ச மாவு போட்டு, திரும்பி வர்ற பஸ்ஸுல குடுத்தனுப்பச் சொல்லு. அபி கேட்டான்னு சொல்லு. நா கேட்டேன்னு சொல்லாத.

மாட்டு விஷயத்தத் தப்பித் தவறிக்கூடச் சொல்லிடாத!

...ஏம்மா! ஏம்மா, ஜன்னலாண்ட வா! இல்ல... நா கேட்டேன்னே சொல்லு.