கழுவாத கை

ஷிப்ட் முடிந்து ஆம்பூரிலிருந்து மாதனூர் வழியாகத் திரும்பும் ஷூ கம்பெனி பஸ். பாலாற்று மணல்மேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பஸ் முழுக்க சோப்பு வாசனை. எனக்கு முன்சீட்டில் இருந்தவளின் கையில் மட்டும் தோலும் பசையும் மணந்தன.

"இன்னாடி செல்வி, இன்னிக்கும் கை கழுவலியா?" என்றாள் அவள் பக்கத்தில் இருந்த மூத்தவள்.

"டைகருக்காகக்கா."

"உன் நாய்க்கு அழுக்குக் கைதான் கேக்குதா?"

"எங்க வீட்டுக்காரு கழுவாமதானே வருவாரு. அவரு செத்ததுல இருந்து அது சோறே தொடல. தெனம் பஸ்ஸுக்கு வந்து எல்லார் கையயும் மோந்துட்டுப் போய்ப் படுத்துக்கும். அவரு பாத்த வேலைக்கே நான் சேந்தேன்ல, மொத நாள் கழுவ மறந்து போய்ட்டேன். கைய மோந்துச்சி, நக்கிச்சி. அன்னிக்குதான் சாப்டுச்சி."

"நீ சாப்டியா?"

"அது சாப்ட்டாதான் எனக்கும் எறங்குது. பிரஷர்கூட கம்மியாய்டுச்சின்னு நர்ஸம்மா சொன்னாங்க."

"பாவம், உன்னையே அவருன்னு நெனச்சிக்கிச்சி."

"இல்லக்கா, அதுக்குத் தெரியும். கைய மோந்துட்டு பஸ் படிக்கட்டயும் ஒரு வாட்டி பாக்கும்."

மூத்தவள் செல்வியின் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நானும் பாப்பேன்."

மாதனூரில் செம்பட்டை நாய் ஒன்று காத்திருந்தது. செல்வி இறங்கிக் கையை நீட்டினாள். அது முகத்தைப் புதைத்துக்கொண்டது. அந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டிய மற்றவர்களும் இறங்கியாயிற்று; இனி யாரும் இல்லை. ஆனாலும் டிரைவர் சற்று நேரம் பஸ்ஸை எடுக்கவில்லை.