சுற்றிச் சுற்றி வந்த சரக்கு வரிசையைத் தாளில் பிடித்துக் காட்டிய தேவமணி அம்மையாருக்குப் பணி ஓய்வு நாள் வாழ்த்துமடல்

எண்களின் காட்டில் வழி கண்டவரே! கற்றைத் தாளையும் கதை பேச வைத்த கணக்கரசியே! நாசரேத்தில் பிறந்து, துறைமுகக் காற்றில் தலை நரைத்து, தென்கடல் சரக்கு முகவர் நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பிரிவைத் தம் வீட்டு அடுப்படிபோல் துப்புரவாக வைத்திருந்த தலைவியே! வணக்கம்.

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் கைப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறவர் அம்மையார். ஆகவே, அவையைப் பார்த்தே அவரைப் பற்றிப் பேசப்போகிறோம். அம்மையார் உட்கார்ந்திருக்க வேண்டுகிறோம்.

எழுபத்தாறாம் ஆண்டு. மாலையில் கிளம்பவேண்டிய கப்பல் ஒன்று துறையில் நின்றது. யார் சரக்குக்குப் பின் யார் சரக்கு என்று வியாபாரிகள் எழுதித் தரும் சீட்டைப் பார்த்து அட்டைகளில் துளையிட்டுக் கொடுத்தால், கம்ப்யூட்டர் ஏற்றும் வரிசையை அச்சிட்டுத் தரும். அன்றைக்கு அது ஓடிக்கொண்டே இருந்ததே தவிர ஒரு வரியும் தரவில்லை. மேலாளர் தேவதாசன் அவர்களின் கோபம், அட்டையில் துளையிட்ட இசபெல்லாவின் தலையில் விடிந்தது.

"ஏளா, தப்பா குத்திட்டு முழிச்சிக்கிட்டு நிக்கெ! கப்பல் நின்னா நாளைக்கு நீ வேலைக்கு வராண்டாம்!"

"சீட்டுல இருந்தபடிதான் சார் குத்தினேன்" என்றார் இசபெல்லா. அவர் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

கம்ப்யூட்டரின் நினைவில் இருந்ததை அம்மையார் அச்சிட்டுப் பார்த்தார். தாள் தாளாக எண்கள், எண்களுக்குப் பின் எண்கள். வாசித்தவர்களுக்குத் தலை சுற்றியதுதான் மிச்சம்.

"அழாதளா. நீ குத்துனது அதுக்குள்ளதான் கெடக்கு. நம்ம கண்ணுக்குப் புரியுத மாதிரி அதக் காட்ட வைக்கணும், அம்புட்டுத்தான்" என்றார் அம்மையார்.

அங்கேயே உட்கார்ந்து சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினார். எண்ணுக்குப் பதில் வியாபாரியின் பெயர். அதற்குக் கீழே, சற்றுத் தள்ளி, அடுத்து ஏறவேண்டிய சரக்குக்காரர் பெயர். ஓடவிட்டார். ஆறுமுகநயினார், கீழே செல்வதுரை, அதற்குக் கீழே மறுபடி ஆறுமுகநயினார், மறுபடி செல்வதுரை! பெயர்கள் வலப்பக்கம் நகர்ந்து நகர்ந்து தாளின் விளிம்பில் முட்டின. இயந்திரம் தாளைக் கக்கியது. "யம்மா, நிறுத்துங்க! தாளு தீந்துரும்!" என்று மேலாளர் அலறினார்.

அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார். ஒருமுறை காட்டியவரை மறுபடி விரிக்காமல், 'மேலே காண்க' என்று எழுதி நிறுத்தும்படி ஒரு விதியைச் சேர்த்தார். முழுக் கப்பலும் ஒரே தாளில் அடங்கியது. பிழை பளிச்சென்று தெரிந்தது: இவருக்குப் பின் அவர், அவருக்குப் பின் இவர். இரண்டு வியாபாரிகளும் வெளியே பெஞ்சியில்தான் இருந்தார்கள்.

"அண்ணாச்சி மூத்தவுகல்லா? அவுக வத்தல் ஏறட்டும், பொறவு என் கருப்பட்டி ஏறட்டும்னு எழுதினேன்" என்றார் செல்வதுரை.

"கருப்பட்டி வெயில்ல இளகிருமேன்னு, அவரு சரக்குக்குப் பின்னாலதான் என் சரக்குன்னு நான் எழுதினேன்" என்றார் ஆறுமுகநயினார்.

இருவருடைய மரியாதைக்கு நடுவே மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் பாவம் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது! இசபெல்லாவின் அட்டைகளில் ஒரு துளையும் பிசகவில்லை. கருப்பட்டி முதலில் ஏறியது, கப்பலும் கிளம்பியது.

அம்மையார் அதோடு விடவில்லை. "எல்லாரு முன்னாலயும் வஞ்சீங்க. மன்னிப்பும் எல்லாரு முன்னாலயும் கேளுங்க சார்" என்றார். மேலாளர் கேட்டார். அந்தப் பெருந்தன்மைக்காகவே இன்று அவரைத் தலைமை தாங்க அழைத்திருக்கிறோம்.

அன்றுமுதல் எந்தச் சிக்கல் வந்தாலும் அந்தப் பெயர்த் தாளைத்தான் முதலில் அச்சிடுகிறோம். துளையிட்ட அட்டைகள் இருக்கும் பெட்டியின் மேல் சோற்றுத் தூக்கை வைத்து அம்மையாரிடம் ஏச்சு வாங்காதவர் எங்களில் ஒருவரும் இல்லை. அந்த ஏச்சு இனி இல்லையே என்பதுதான் எங்கள் பெருங்குறை.

அம்மையீர்! நோயின்றி, குறையின்றி, நினைத்ததைத் தின்று, நினைத்த நேரம் உறங்கி, நூறாண்டு நீங்கள் நிறைவாக வாழவேண்டும்! நாளை காலை உங்கள் நாற்காலியில் அமரப்போகிறவர் இசபெல்லா. அவரை அமர்த்துமாறு எழுதிக் கொடுத்தவர் நீங்கள். இந்த வாழ்த்துமடல் இதோ அவர் கையில்தான் இருக்கிறது; இதை வாசித்துக்கொண்டிருப்பவரும் அவரே. இந்தப் பத்தியை நாங்கள் அவருக்கு முன்கூட்டிக் காட்டவில்லை. அவர் குரல் தடுமாறினால், அவையோர் சற்றே காத்திருக்கவும்.

என்றும் அன்புடன்,
கம்ப்யூட்டர் பிரிவு ஊழியர்கள்,
தூத்துக்குடி, 1979