ரெண்டாவது டம்ளர்

விலையுயர்ந்த தேயிலையை முகர்ந்து, "மழைவாசம்" என்று மனைவிக்கு ஒரு மாதமாக வகுப்பெடுத்தவன் நான். அவள் தினமும் குடித்துவிட்டுப் பாராட்டியதில் பெருமை வேறு.

நேற்று சிங்காநல்லூர் பஸ்ஸில், முன்சீட்டில் இரண்டு பெண்கள்.

"பீளமேட்டுல நாளன்னிக்குக் கடை தொறக்கோணும், எந்த டீ போடறதுன்னே தெரியலீங்க்கா. ரோஜா, மல்லிகை, எலுமிச்சைன்னு ஏழு டீ வெச்சுக் கொடுத்தேன். வந்த ஒரம்பரைக, சொந்தக்காரங்க அத்தனை பேரும் ஏழையுமே நல்லாருக்குதுங்கன்னு சொல்லிப்போட்டாங்க."

"மரியாதைக்குச் சொல்றதைக் கணக்குல சேர்க்கப்படாது அம்மணி. ரெண்டாவது டம்ளர் எதைக் கேட்டாங்க?"

"ஒண்ணையும் கேக்கலீங்க்கா. எனக்குன்னு ஓரமா வெச்சிருந்த சாதா டீயைத்தான் எங்க பெரிய மாமா எடுத்துக் குடிச்சுப்போட்டாரு."

"அப்பறமென்ன? அதையே போடு."

வீட்டுக்கு வந்ததும் மழைவாச டீயை மனைவியிடம் நீட்டினேன். குடித்து முடித்தாள்.

"இன்னொரு டம்ளர் தரட்டுமா?"

"நல்லாருந்துச்சுங்க. போதுமுங்க."