முக்கால் சுற்று

பழுதான இயந்திரத்தைச் சரிசெய்வது நல்ல காரியம். இதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

சுழலும் கட்டரால் இரும்பை வெட்டும் எங்கள் பட்டறை மில்லிங் மெஷினில், வேலைத்துண்டைப் பூட்டிய டேபிளை நகர்த்தும் நீளத் திருகான லீட் ஸ்க்ரூ தேய்ந்திருந்தது. கைப்பிடியை எதிர்ப்பக்கம் திருப்பினால் முக்கால் சுற்று சும்மா சுற்றும். அதன் பிறகுதான் டேபிள் அசையும். அதைப் பட்டறையில் 'ப்ளே' என்போம். பதினோரு வருஷமாக அந்த மெஷினை ஓட்டுபவர் என் அக்காவின் கணவர். முக்கால் சுற்று அவர் கைக்குப் பழகிவிட்டது. ஒவ்வொரு வெட்டும் முடிந்ததும், கட்டர் சுழன்றுகொண்டிருக்கும்போதே, வலது கையால் அந்த முக்கால் சுற்றைத் திருப்புவார். அதே நேரம் இடது கையை வேலைத்துண்டின் மேல் ஊன்றி, கட்டரை ஒட்டிக் கிடக்கும் இரும்புச் சீவல்களை விரலால் தள்ளுவார். டேபிள் அசையாது என்று அவருக்குத் தெரியும். தப்பான பழக்கம். நான் படித்த மாலைத் தொழில் வகுப்பில் முதல் நாளே கூடாது என்று சொன்னார்கள்.

நான் எதையும் மூன்று முறை அளப்பவன். மூன்றும் ஒத்துப்போனாலும் சந்தேகம் தீராமல் நாலாவது முறை அளப்பேன்.

"மச்சான், நீ அளந்து முடிக்கிறதுக்குள்ள எனக்குப் பேரன் பொறந்துடுவான்" என்றார் மாமா ஒரு நாள் சாப்பிடும்போது. "எனக்குக் கைதான்டா ஸ்கேல்."

அக்கா புரையேறும்வரை சிரித்தாள். ஒரே ஒரு முறையாவது இவர் தன் கையைச் சந்தேகிக்க வேண்டும் என்று அன்றைக்கு நாட்குறிப்பில் எழுதினேன்.

புது ஸ்க்ரூவும் வெண்கல நட்டும் வந்தன. வார விடுமுறையில் என்னையே மாட்டச் சொன்னார் முதலாளி. பழைய ஸ்க்ரூவை உருவிப் பார்த்தேன். இரு முனைகளிலும் மரை புதிதுபோல இருந்தது. நடுவில் மட்டும் கத்தி முனைபோல மெலிந்திருந்தது. நட்டிலிருந்து எண்ணெயோடு மஞ்சள் தூள் வழிந்தது. புதியதைப் பொருத்தி, அசைவை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன். ப்ளே இல்லையென்றே சொல்லலாம். அந்த ஒரு முறைதான் இரண்டாவது தடவை அளக்கத் தோன்றவில்லை.

"மாமாகிட்ட சொல்லிட்டியா?" என்று மறுநாள் காலையில் முதலாளி கேட்டார்.

"சொல்லிட்டேன்ணே."

சொல்லவில்லை. மெஷின் பதிவேட்டில் தேதி போட்டு எழுதியிருந்தேன். மாமா அதைத் திறப்பதே இல்லை.

அவர் கைப்பிடியைப் பிடித்ததும் புருவத்தைச் சுருக்கினார். "என்னடா இன்னிக்கு இறுக்கமா இருக்கு? எண்ணெய் ஊத்துனியா?"

"ஊத்துனேன் மாமா."

"அதையும் சொட்டுச் சொட்டா அளந்து ஊத்துனியா?" என்று அவரே சிரித்துக்கொண்டார்.

அப்போது சொல்லியிருக்கலாம். அவர் சிரித்து முடிக்கட்டும் என்று இருந்தேன்.

முதல் வெட்டு முடிந்தது. இந்த மரையில் முக்கால் சுற்று என்பது ஏறக்குறைய நாலு மில்லிமீட்டர். அவர் விரலுக்கும் கட்டரின் பல்லுக்கும் நடுவே எப்போதும் மூன்றுதான் இருக்கும். பல நாள் கவனித்துக் குறித்திருக்கிறேன். வலது கை திருப்பியது. டேபிள் உடனே நகர்ந்தது.

அக்கா என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாள். அவளிடம் ஒன்றைச் சொல்லுங்கள். அவர் வெட்டைத் தொடங்கும் முன்பே நான் போய் நிறுத்தும் பொத்தான் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நின்றேன். சத்தம் மாறியதும் அழுத்தினேன். அவர்மேல் அக்கறை இல்லாதவன் அப்படித் தயாராக நிற்பானா? நான் நின்றதால்தான் இரண்டு விரலோடு போயிற்று.