மாப்பிள்ளை வீட்டு மாம்பா

யதுர்ஷன்: ...ஒண்டில்லை, மூண்டு. மூண்டும் ஆபிரிக்காப் பாம்பு. என்ர ஹோலுக்கைதான் வளக்கிறன்.

கஜந்தினி: நல்லாயிருக்கு! முன் ஹோலுக்கை உங்கட அம்மாவும் எங்கட அம்மாவும் கலியாணத்துக்கு நாள் பாக்கினம். நீங்கள் குசினிக்கை நிண்டு பாம்புக் கதை கதைக்கிறியள்.

யதுர்ஷன்: கட்டினாப் பிறகு சொல்லி என்ன பிரயோசனம்? பயமெண்டா வேண்டாமெண்டு சொல்லிவிடுங்கோ. நான் குறை நினைக்க மாட்டன்.

கஜந்தினி: ஆர் பயந்தது? என்னென்ன பாம்பு?

யதுர்ஷன்: ஒண்டு... கறுப்பு மாம்பா. கன்னங்கரேலெண்டு இருக்கும்.

கஜந்தினி: அது சாம்பல் நிறமெல்லோ? வாய்க்குள்ளதான் கறுப்பு. அதாலதான் அந்தப் பேர்.

யதுர்ஷன்: அது... லைற் வெளிச்சத்தில அப்பிடித் தெரியும்.

கஜந்தினி: ஓஹோ. மற்றது?

யதுர்ஷன்: பஃப் அடர். எங்கட ஊர்ப் புடையன் பாம்புக்குச் சொந்தக்காரன். ஆளைக் கண்டா விடாமல் துரத்தும்!

கஜந்தினி: அந்தத் தடியனோ? அதுக்கு அசையவே பஞ்சி. புழுதி நிறத்தில பேசாமல் கிடக்கும். தெரியாமல் மிதிக்கிறவையைத்தான் கொத்தும்.

யதுர்ஷன்: இது... பழக்கினது.

கஜந்தினி: துரத்தப் பழக்கினனீங்களோ!

யதுர்ஷன்: சிரிக்காதேங்கோ. மூண்டாவது பூம்ஸ்லாங். கொத்தினா அந்த இடத்திலயே ஆள் முடிஞ்சுது!

கஜந்தினி: இல்லையே. முதல்ல ஒண்டுமே தெரியாது. சின்னக் கீறலெண்டு ஆள் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருக்கும். பேந்துதான் பல்லு முரசால, மூக்கால ரத்தம்... நிக்காது. மருந்து ஆபிரிக்காவில இருந்தெல்லோ வரவேணும். வாங்கி வச்சிருக்கிறியளோ?

யதுர்ஷன்: ...இல்லை.

கஜந்தினி: அட கடவுளே! வாங்கோ, இப்பவே போய்ப் பாப்பம். இஞ்ச லொங்குய்யில மெட்ரோ ஏறினா உங்கட வீடு ரெண்டாவது ஸ்ரேசன்தானே?

யதுர்ஷன்: இப்பவோ? வெளியில ஸ்னோ கொட்டுது... பாம்புகளும் நித்திரை.

கஜந்தினி: மூண்டுமோ?

யதுர்ஷன்: கஜந்தினி... உங்களைக் கும்பிட்டன். பாம்புமில்லை, ஒண்டுமில்லை. நீங்களா வேண்டாமெண்டு சொன்னாத்தான் நான் தப்புவன். நான் சொன்னா அம்மா சாப்பிடாமல் கிடப்பா.

கஜந்தினி: அப்ப வேற ஆரோ இருக்கினம்.

யதுர்ஷன்: ...ஓம். நாலு வருசமா. வேதக்காரப் பிள்ளை, சேர்ச்சுக்குப் போறவள். அம்மாட்ட வாய் திறக்கவே நடுக்கமாக் கிடக்கு. டவுன்டவுன் யூனிவர்சிற்றியில பாம்பு விசம்தான் அவளுக்கு ஆராய்ச்சி. இவ்வளவும் அவளிட்டக் கேட்டதுதான்.

கஜந்தினி: கேட்டதோ? தான் கதைக்கேக்க நீங்கள் காது குடுக்கிறதே இல்லையெண்டு அக்னெஸ் சொன்னது சரிதான்.

யதுர்ஷன்: அக்... அக்னெஸோ? உங்களுக்கு எப்பிடி...?

கஜந்தினி: லாப்பில எனக்குப் பக்கத்து மேசை.

யதுர்ஷன்: நீங்கள் பாங்கில வேலையெண்டெல்லோ அம்மா சொன்னவ!

கஜந்தினி: என்னட்டக் கேட்டிருந்தாத் தெரிஞ்சிருக்கும். வந்ததில இருந்து பாம்புதானே கதைச்சனீங்கள்! "எனக்குப் பாத்த மாப்பிள்ளை" எண்டு உங்கட படத்தை அவளிட்டக் காட்டினதே நான்தான். விக்கி விக்கி அழுதாள், பாவி. பேந்து முகத்தைக் கழுவிப்போட்டு வந்து சொன்னாள், "ஆளை வடிவா வெருட்டித் தாயிட்டச் சொல்ல வையடி, அப்பவும் வாய் திறக்காட்டி நீயே கட்டிக்கொள்" எண்டு. எனக்கு வேண்டாமப்பா. போங்கோ, அம்மாட்டப் போய்ச் சொல்லுங்கோ.